பழைய கொமிக்ஸ் வாங்குவது எப்போது, எப்படி: மட்டக்களப்பிலிருந்து சில குறிப்புகள்

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். கண்ணுக்கு வேலை பிறகு கொடுக்கலாம். நன்றாகக் காய்ந்த பழைய தாளில் இலேசான இனிப்பு வாசம் இருக்கும், புகையிலைக் கட்டை முகர்ந்த மாதிரி. அந்த வாசம் வந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். ஈரச் சாக்கு மணம் வந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது. அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலை கேட்காமல், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணம் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் மற்றப் புத்தகங்களுக்கும் பரவும்.

அண்மைக் காலமாகத் தம்பிமார் சிலர் கேட்கிறார்கள்: "அண்ணன், பழைய முத்து, ராணி கொமிக்ஸ் எல்லாம் எங்க வாங்கலாம், எவ்வளவு குடுக்கலாம்?" நான் பதினைந்து வருடமாகச் சேர்க்கிறேன். அதில் முதல் மூன்று வருடம் வாங்கியதில் பாதி குப்பை. எங்கே வாங்குவது என்பதைவிட எப்போது வாங்காமல் இருப்பது என்பதுதான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. உங்களுக்கு அது முதலிலேயே பிடிபட்டால் நல்லது.

ஒரு சின்ன விஷயம். நாங்கள் வாயால் கொமிக்ஸ் என்போம். புத்தக அட்டையில் 'காமிக்ஸ்' என்றுதான் இருக்கும். இணையத்தில் தேடும்போது இரண்டாவதைத் தட்டச்சுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் அகப்படாது.

எதைத் தேடுகிறீர்கள்?

"எல்லாப் பழைய கொமிக்ஸும்" என்பது பதில் இல்லை. ஒரு வரிசையைப் பிடியுங்கள்.

முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரித்தானியாவின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் வரத் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா'தான் தமிழில் அப்படி ஆனது. லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் 1984இல் வந்தவை. ராணி 2005 வரை ஓடி 500 இதழ் கண்டது. இவற்றுக்கு முந்தியது இந்திரஜால் காமிக்ஸ். 1964 முதல் 1990 வரை வந்தது, பல இந்திய மொழிகளில், தமிழிலும் கொஞ்சக் காலம். அம்புலிமாமாவையும் சிலர் இதே கணக்கில் சேர்ப்பார்கள். அது 1947இல் தொடங்கிய சிறுவர் சஞ்சிகை, தனி உலகம், தனிச் சந்தை. இரண்டிலும் கால் வைத்தால் காசு தங்காது.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. எழுபதுகளில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்தது. அதனால் ஆரம்பகால முத்து இதழ்கள் இலங்கைக்கு வந்ததே குறைவு. வந்தவற்றிலும் 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி ஒரு பங்கை எடுத்தது. மறுகா இடம்பெயர்வுகள், 2004 சுனாமி, இடையிடையே வெள்ளம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த ராணி காமிக்ஸ் இன்னும் வீடுகளில் கிடக்கிறது. 1977க்கு முந்திய முத்து இதழை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒருவர் நீட்டினால் இரண்டு தடவை கண்ணைக் கசக்கிப் பாருங்கள். ஒன்று அதிர்ஷ்டம், இல்லையென்றால் மறுபதிப்பு.

புதியவர்கள் கட்டாயம் விழும் ஒரு குழி இருக்கிறது. "மாயாவி புத்தகம் இருக்கு" என்று யாராவது சொன்னால் எந்த மாயாவி என்று கேளுங்கள். முத்துவில் மாயாவி என்றால் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் மண்டையோட்டு மோதிரம் போட்ட முகமூடிக்காரர், அதாவது முத்துவிலும் இந்திரஜாலிலும் வேதாளர் என்று வந்த அதே 'பேண்டம்'. இரண்டின் விலையும் ஒன்றல்ல. தொலைபேசியில் மாயாவி என்று கேள்விப்பட்டு, மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ் ஏறிப் போய், தொண்ணூறுகளின் ராணி இதழ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான்தான்.

கதை வாசிக்கத்தான் ஆசை என்றால் பழசே வேண்டாம். 2012இல் லயன்-முத்து புதுத் தெம்போடு திரும்பி வந்த பிறகு பழைய மாயாவி, லயனின் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை) கதைகள் மறுபதிப்பாக நல்ல தாளில் வந்திருக்கின்றன. அவற்றை வாங்கி வாசியுங்கள். அந்தத் தாள், அந்த அச்சு மை, யாரோ ஒரு பையன் 1986இல் உள்ளட்டையில் எழுதிய பெயர், இதெல்லாம் வேண்டும் என்பவர் மட்டும் கீழே தொடரலாம்.

முதல் மூன்று மாதம் காசு வெளியே வரக்கூடாது

ஒரு கொப்பி வாங்குங்கள். பேஸ்புக் குழுக்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் விற்பனைக்கு வருபவற்றின் பெயர், இதழ் எண், நிலை, கேட்ட விலை, கடைசியில் போன விலை எல்லாவற்றையும் எழுதுங்கள். கேட்ட விலையை எல்லாரும் பார்க்கிறார்கள். போன விலைதான் விலை. ஒரே இதழ் ஒரு மாதத்தில் நாலு தடவை விற்பனைக்கு வந்தால் அது அரிய புத்தகம் இல்லை, விற்பவர் எத்தனை ஆச்சரியக்குறி போட்டாலும் சரி.

எழுதும்போது ரூபாவா ரூபாயா என்பதையும் குறியுங்கள். இந்தக் குழுக்களில் இரண்டு நாட்டாரும் இருக்கிறார்கள். "இரண்டாயிரம்" என்று ஒருவர் போடுவார். நீங்கள் எங்கள் ரூபா என்று நினைத்து "எனக்கு" என்று எழுதிவிடுவீர்கள். அவர் இந்திய ரூபாயில் சொல்லியிருப்பார். அது எங்கள் காசில் மூன்று மடங்குக்கு மேல். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அந்தக் குழுவில் அடுத்த தடவை உங்களுக்கு யாரும் விற்க மாட்டார்கள்.

எந்தக் காலம் நல்லது

கச்சான் காற்று வீசும் மாதங்கள், அதாவது மே தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை. தாள் காய்ந்து இருக்கும், உள்ள நிலை அப்படியே தெரியும். வீடுகளில் கூரை பிரித்து ஓடு மாற்றுவதும் அப்போதுதான். பரண், ட்ரங்குப் பெட்டி எல்லாம் வெளியே வரும். நோன்புப் பெருநாளுக்கு முன் வீடு துப்புரவாக்கும் கிழமைகளும் நல்லவை. பழைய இரும்பு, போத்தல், பேப்பர் வாங்குபவரிடம் முன்கூட்டியே தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். கச்சான் கடலை சுற்றும் தாளாகப் போக இருந்த ஒரு கட்டு லயன் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

மாரியில் வாங்காதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே தாள் எல்லாம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். மடிப்பு மறைந்து புத்தகம் மொத்தமாய் மெத்தென்று தெரியும், காய்ந்ததும் அலை அலையாக நெளியும். தபாலில் வருவதற்கும் அது கெட்ட காலம்.

இன்னொரு நேரமும் சரியில்லை. ஒரு கதை மறுபதிப்பாக வருகிறது என்ற அறிவிப்பு வந்தால், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி இப்படி ஏதாவது காதில் விழும், கொஞ்சம் பொறுங்கள். வாசிக்க மட்டும் விரும்பியவர்கள் மறுபதிப்புப் பக்கம் போய்விடுவார்கள். கிழிந்த, சுமாரான பழைய பிரதிகளின் விலை இறங்குவதை நான் சில தடவை பார்த்திருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள முதற்பதிப்பு மட்டும் அசையாது.

அப்புறம், இரவு பத்து மணிக்குப் பிறகு நடக்கும் வட்ஸ்அப் ஏலம். அதற்குள் போகவே போகாதீர்கள்.

கையில் எடுத்ததும்

இதில் அவசரம் கூடாது. மேசையில் ஒரு சுத்தமான வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் புத்தகத்தை வையுங்கள். அட்டையை ஒரே வீச்சில் திறக்காதீர்கள், முதுகு உடையும். பாதி திறந்து, உள்ளே பதிப்பு விவரத்தைத் தேடுங்கள்: வெளியீட்டாளர், மாதம், ஆண்டு, விலை. அட்டைப்படம் பழசாக இருந்து உள்ளே விலை ஐம்பது ரூபாய் என்றிருந்தால் அது எந்தக் காலத்துப் புத்தகம் என்று உங்களுக்கே விளங்கும். சில பிரதிகளில் இந்திய விலைக்குப் பக்கத்தில் இலங்கை விலையை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். சில பேர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அது பிடிக்கும், புத்தகம் அன்றைக்கே இங்கே வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மறுகா நடுப்பக்கம். இரண்டு பின்களும் அங்கேதான் மடங்கியிருக்கும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், எங்கள் ஊரில் இரும்பு எதுவும் தப்பாது. துரு பின்னோடு நின்றால் பரவாயில்லை. சுற்றியுள்ள தாளில் பழுப்பு வட்டமாக இறங்கியிருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் நடுத்தாள் எந்த நேரமும் கழன்று விழும். கழன்ற நடுத்தாள் என்றால் நாலு பக்கம். ஒருவர் ரசித்து எடுத்து வைத்திருப்பார் அல்லது சின்னப் பிள்ளை கிழித்திருக்கும். அதனால் பக்கங்களை எண்ணுங்கள். உண்மையாகவே ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்தது வெளி ஓரம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: பத்து இதழைச் சேர்த்துப் பைண்ட் பண்ணுவது. பைண்ட் பண்ணுபவர் ஓரத்தை வெட்டி நேராக்குவார், முதுகில் ஊசி குத்தித் தைப்பார், பல தடவை அட்டைகளையும் தூக்கி எறிந்துவிடுவார். சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவே விற்றால் அது நேர்மை. அதைப் பிரித்துத் தனி இதழாக விற்பவர்களும் இருக்கிறார்கள். முதுகை ஒட்டி வரிசையாகச் சின்னத் துளைகள் தெரிகிறதா, படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் பேச்சுக் குமிழியின் கடைசி எழுத்து காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விலையைப் பாதியிலிருந்து தொடங்கலாம்.

உள்ளே பேனாவால் பெயர் எழுதியிருப்பதும் வாசிகசாலை முத்திரையும் எனக்குப் பெரிய குறை இல்லை. அட்டையில் மீசை வரைந்திருந்தால் மட்டும் கொஞ்சம் வலிக்கும். செலோடேப் ஒட்டியது பெரிய குறை. அந்தப் பசை வருடக்கணக்கில் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி மறுபக்கத்துக்கே வந்துவிடும். கறையான் ஓட்டை, இராமபாணப் பூச்சி அரித்த மேற்பரப்பு இரண்டும் உயிருள்ள குறைகள். பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். கடைசியில் புத்தகத்தை அந்த வெள்ளைத் தாளின் மேல் இலேசாகத் தட்டுங்கள். மாவு மாதிரி ஏதாவது விழுந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எங்கே, எப்படிப் பேசுவது

வீடுகளுக்குப் போனால் கொமிக்ஸைப் பற்றி முதலில் கதைக்காதீர்கள். ஆரையம்பதியில் ஒரு ஐயா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "மறுகா வாங்க தம்பி, மகன்ட கேட்டுச் சொல்றன்" என்றார். மகன் கனடாவில். நான் நாலு தடவை போனேன். மூன்று தடவை கொமிக்ஸ் பேச்சே எடுக்கவில்லை. நாலாம் தடவை அவராகவே பெட்டியை முன்னால் நகர்த்தினார். அந்தப் புத்தகங்கள் அவர் மகனுடைய பதினைந்து வயது. அதற்கு விலை பேச ஒருவருக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் குறைத்துக் கேட்பதும் அழகில்லை. பெறுமதியானது ஒன்று கண்ணில் பட்டால் அது பெறுமதியானது என்று சொல்லிவிடுங்கள். ஊர் சின்னது, பிறகு தெரியவரும்.

கடையில் கணக்கு வேறு. காத்தான்குடியில் பழைய பொருள் விற்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர், கொண்டு போனால் வாங்குவார், கேட்டால் விற்பார். "தம்பி, கிலோக் கணக்குல வந்தது, உங்களுக்கென்டுதான் எடுத்து வச்சன்" என்பார். எனக்கு முன்னால் வந்தவரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். அங்கே பேரம் பேசலாம். பேசாவிட்டால் அவருக்கே சப்பென்றிருக்கும். கட்டாக வாங்கினால் மலிவு. ஆனால் கட்டின் மேலும் கீழும் நல்லதும் நடுவில் அட்டை இல்லாததும் இருப்பது உலக வழக்கம், கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள்.

கொழும்புக்குப் போகிறவர்கள் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கலாம். தமிழ் குறைவு, ஆங்கிலம்தான் அதிகம். மட்டக்களப்பு ரயிலில் இரவில் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். இந்தியாவுக்கு யாராவது யாத்திரை, வைத்தியம் என்று போனால் முன்கூட்டியே விற்பவரோடு பேசி வைத்து எடுப்பித்துக்கொள்ளலாம். இந்திய விற்பனையாளர்கள் கைபேசிக் காசுச் செயலியில்தான் பணம் கேட்பார்கள், எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அது சுலபமில்லை.

இணையத்தில் வாங்கும்போது ஐந்து படம் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரம், நடுப்பக்கம், முதுகு. நான் ஒரு தடவை முன்னட்டைப் படத்தை மட்டும் பார்த்து, யாராவது முந்திவிடுவார்களோ என்று பதறிக் காசை அனுப்பினேன். புத்தகம் வந்தது. கதையின் கடைசி எட்டுப் பக்கம் வரவில்லை. விற்றவரிடம் கேட்டால், "அண்ணன், நீங்க பக்கம் கேக்கலியே" என்றார். உண்மைதான், நான் கேட்கவில்லை. ஒருவர் நடுப்பக்கப் படம் அனுப்ப இரண்டு நாள் சாக்குச் சொன்னால் அதை விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு மாமா அனுப்பும் பெட்டி

அமெரிக்கக் கொமிக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். 1938 ஜூன் திகதியிட்டு 10 சதத்துக்கு வந்த, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'அக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 இலட்சம் டொலருக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலருக்குக் கை அரிக்கிறது. டொரன்டோவிலோ லண்டனிலோ உள்ள மாமா வீட்டுக் கராஜில் இருப்பது பெரும்பாலும் தொண்ணூறுகளின் இதழ்களாக இருக்கும். 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 இலட்சத்துக்கு மேல் அச்சாகிப் போனது. 1992இல் சூப்பர்மேன் சாகும் இதழை ஆளாளுக்கு ஐந்து பத்து என்று வாங்கிப் பிரிக்காமலே வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? எங்கள் ராணி, முத்துவுக்கு விலை வந்ததே யாரும் பத்திரப்படுத்தாததால்தான்.

உண்மையிலேயே பழைய அமெரிக்க இதழ் வாங்குவதானால் சிஜிசி நிறுவனம் 0.5 முதல் 10 வரை தரம் போட்டுக் கடினப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவதை வாங்குங்கள், அதன் எண்ணை அவர்களுடைய தளத்தில் சரிபாருங்கள். 'அக்ஷன்' முதல் இதழையே 1974இல் பெரிய அளவில் மறுபதிப்பாகப் போட்டார்கள். வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே பழசு மாதிரியே இருக்கும். அளவுகோல் வைத்தால் குட்டு உடைந்துவிடும், சாதாரண இதழைவிட அது மிகப் பெரிது.

வாங்கிய அன்றிரவு

புதிதாக வந்ததைப் பழையவற்றோடு சேர்க்காதீர்கள். காற்றுப் புகாத பையில் போட்டு இறுக்கி மூடி, டீப் பிரீசரில் இரண்டு கிழமை (பதினாலு நாள்) வையுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். மீனுக்குப் பக்கத்தில் மாயாவி கிடப்பதைப் பார்த்து வீட்டில் ஏச்சு விழும், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் ஃபேனுக்குக் கீழே காய வையுங்கள். வெயில் பத்திரிகைத் தாளை ஒரே நாளில் மஞ்சளாக்கிவிடும். லேமினேட் வேண்டவே வேண்டாம். ஒட்டுகிற மாதிரித் தடித்த பிவிசி உறையும் கூடாது. புதுச் சட்டை வைத்து வருமே, சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய பை, அது பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். அளவு பார்த்து வாங்கி, உள்ளே ஒரு வெள்ளை மட்டையும் வைத்தால் போதும். பூச்சி உருண்டையைத் தாளில் படாமல் தள்ளி வையுங்கள். இரும்பு அலுமாரி கடற்கரைப் பக்கம் சில வருடத்தில் துருப்பிடிக்கும், மர அலுமாரிக்குக் கறையான் வரும். நான் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் 2011 ஜனவரி வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. மூன்று தடவை பெயின்ட் அடித்தும் மங்கலாகத் தெரிகிறது. பெட்டி வைக்கும் தட்டை அந்தக் கோட்டுக்கு இரண்டு முழம் மேலே அடித்திருக்கிறேன்.